வெள்ளை மாளிகைக்குக் குடிபெயர்ந்த சுவர்த்தாள்

தில்லியில் நாற்பது வருஷமாக அச்சுத்துணி வியாபாரம் செய்கிறவன் நான். சாங்கானேர் அச்சுக்கட்டை ஒன்றைக் கையில் எடுத்தால், விளிம்பின் தேய்மானத்தைப் பார்த்தே அதன் வயதைச் சொல்லிவிடுவேன். மேல்நாட்டு மாளிகைகளின் சுவரில் ஒட்டும் பழைய வால்பேப்பரும் நம்ம கட்டைத் தொழிலுக்குப் பங்காளிதான். அப்படிப்பட்ட ஒரு தாளின் கதை இது.

பிரான்சின் அல்சாஸ் பகுதியில் ரிக்ஸ்ஹைம் என்ற ஊரில் உள்ள ஜூபேர் நிறுவனம் 1834-இல் ‘வட அமெரிக்கக் காட்சிகள்’ என்னும் சுவர்த்தாளை வெளியிட்டது. வரைந்தவர் டெல்டில். 32 பட்டைகள், 1,690 அச்சுக்கட்டைகள், 223 வண்ணங்கள்! எட்டு வண்ணத்துக்கே நம்ம அச்சுக்காரர் கூலியைக் கூட்டிக் கேட்பார். நயாகரா அருவி, பாஸ்டன் துறைமுகம், நியூயார்க் விரிகுடா எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே காட்சியாக ஓடும். வானம் மட்டும் தூரிகையால் தீற்றியது.

இந்தத் தாள் அமெரிக்காவில் மேரிலாந்தைச் சேர்ந்த தர்மான்ட் ஊரின் பழைய வீடொன்றில் ஒட்டியிருந்தது. வீட்டை இடிக்கும் தறுவாயில் அதை உரித்தெடுத்தார்கள். ஜாக்குலின் கென்னடி அம்மையார் வெள்ளை மாளிகையைப் புதுப்பித்துக்கொண்டிருந்த சமயம் அது. உள்ளலங்காரக் கலைஞர்களின் தேசியச் சங்கம் 12,500 டாலருக்கு வாங்கிக் கொடுக்க, 1961-இல் தூதர் வரவேற்பறையில் ஒட்டினார்கள்.

உரிப்பது லேசுப்பட்ட வேலையா? வண்ணம் சுண்ணத்தூளும் விலங்குப் பசையும் கலந்தது. (வீட்டு அம்மா இந்த வரியைப் படிக்காதிருக்கட்டும், சமணக் குடும்பம்.) ஈரம் பட்டால் பின்பக்கத்துப் பசை இளகும், கூடவே முன்பக்கத்து வண்ணமும் கரையும். எந்தப் பக்கம், எவ்வளவு ஈரம் என்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. வண்ணம் உதிர்ந்த இடத்தை மட்டும் நிரப்ப வேண்டும்; நிற்கிற பழைய வண்ணத்தின் மேல் தூரிகை ஏறக்கூடாது. அதே ஊர் அறைக்குள் இருந்தாலாவது பரவாயில்லை, இது வேறொரு சுவருக்கு வெட்டிய தாள்; வந்து சேர்ந்ததோ நீள்வட்ட அறைக்கு.

ஜூபேர்காரர்கள் அந்தக் கட்டைகளைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். புதுத்தாளே வாங்கியிருக்கலாமே என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. வியாபாரக் கணக்குப்படி அவர்கள் கேட்டது நியாயம். நானும் ஒரு காலத்தில் அந்தக் கட்சிதான். கட்டை நம்மிடமே இருக்கிறதே என்று, பழைய அச்சுப் போர்வை ஒன்றைக் கடைப்பையனிடம் தரை துடைக்கக் கொடுத்தேன். பிறகு அதே கட்டையில் அடித்துப் பார்த்தேன். கோடு அப்படியே விழுந்தது. மஞ்சிட்டி வேரில் காய்ச்சிய அந்தப் பழைய சிவப்பு மட்டும் வரவே இல்லை.