கினி – பிரான்ஸ் உறவு

மேற்கு ஆப்பிரிக்காவில் அட்லாண்டிக் கரையோரம் உள்ள கினி, 1958 வரை பிரான்சின் ஆட்சியில் இருந்த நாடு. விடுதலைக்குப் பிறகும் பல ஆண்டுகளுக்கு அதன் அரசியலைப் பிரான்சின் கோபம் அலைக்கழித்தது.

1958 ஆகஸ்ட் 25 அன்று பிரெஞ்சுப் பிரதமர் சார்ல் டி கோல் தலைநகர் கொனாக்ரிக்கு வந்தார். அவர் முன்வைத்த தேர்வு இரண்டு: பிரான்சின் குடையின் கீழ் உள்நாட்டுத் தன்னாட்சி, அல்லது உடனடி விடுதலை. விடுதலை கேட்டால் உதவி கிடையாது. தொழிற்சங்கத்திலிருந்து அரசியலுக்கு வந்த கினியின் தலைவர் செக்கு தூரே, அடிமையாய்ச் செழிப்பதைவிடச் சுதந்திரமாய் ஏழ்மையில் வாழ்வதே மேல் என்று டி கோலின் முன்னிலையிலேயே முழங்கினார். இதைத் தீர்மானிக்க நடந்த செப்டம்பர் 28 வாக்கெடுப்பில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் பிரான்சின் குடை ‘வேண்டாம்’ என்றனர். ஆப்பிரிக்காவின் பிரெஞ்சு ஆட்சிப் பகுதிகளில் இப்படிச் சொன்னது கினி மட்டுமே.

அக்டோபர் 2-இல் விடுதலை. பிரெஞ்சு அதிகாரிகளும் ஆசிரியர்களும் மருத்துவர்களும் கூட்டமாகக் கப்பலேறினர். அலுவலகங்களில் தொலைபேசிகளைக் கழற்றினார்கள். கோப்புகளை எடுத்துச் சென்றார்கள், அல்லது அழித்தார்கள். கானா 1 கோடி பவுண்டு கடன் தர முன்வந்தது. சோவியத் முகாமும் கைகொடுத்தது. ஆனால் ஃப்ரியா நகரின் அலுமினா ஆலையில் பிரெஞ்சு நிறுவனமான பெஷினேயின் பங்கு அப்படியே நீடித்தது. 1960-இல் உற்பத்தியும் தொடங்கியது.

அதே ஆண்டு மார்ச் 1 அன்று கினி, பிரான்சோடு பிணைந்த சி.எஃப்.ஏ பிராங்கைக் கைவிட்டுச் சொந்த நாணயம் வெளியிட்டது. பிரெஞ்சு உளவுத்துறை கள்ளநோட்டு அச்சடித்து நாட்டுக்குள் புழக்கத்தில் விட்டது. தூரேயின் எதிரிகளுக்கு ஆயுதமும் கொடுத்தது. பிரான்ஸ் தண்டித்தது விடுதலையை அல்ல, தன் பிடிக்கு அப்பாற்பட்ட விடுதலையைத்தான். 1960-இல் மற்ற பகுதிகளில் பெரும்பாலானவையும் விடுதலை பெற்றன; அவற்றில் பல நாணயத்திலும் பாதுகாப்பிலும் பிரான்சோடு ஒப்பந்தம் செய்துகொண்டன. அவற்றுக்கு இத்தண்டனை இல்லை.

உண்மையான சதிகள் தூரேயை எங்கும் சதி காணும் மனிதராக்கின. அதற்காக அவருடைய கொடுமைகளை மன்னித்துவிட முடியாது. ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் முதல் பொதுச்செயலாளரான டியல்லோ டெல்லி, 1977-இல் கொனாக்ரியின் போய்ரோ சிறை முகாமில் சோறும் தண்ணீரும் மறுக்கப்பட்டு உயிரிழந்தார்.

பிரான்சுடன் 1965-இல் அறுந்த தூதரக உறவு 1975-இல்தான் மீண்டது. 1978 டிசம்பரில் பிரெஞ்சு அதிபர் ஜிஸ்கார் தெஸ்தாங் கொனாக்ரிக்கு வந்தார். 1984-இல் தூரே இறந்தார். அண்டை நாடான செனகல் சி.எஃப்.ஏ பிராங்கிலேயே நீடிக்க, கினியின் சந்தைகளில் இன்று கைமாறுவது கினி பிராங்குதான்.