நம் முன்னோரும் காட்டுக் கீரையும்

வெள்ளி விழாக் காணும் நம் கல்விக் கழகத்தின் மலரிலே, கல்வியையும் உரிமையையும் பற்றி எழுதாமல் கீரையைப் பற்றி எழுதுவதா என இளைஞர் சிலர் வினவக்கூடும். ஒரு சமுதாயத்தின் வரலாறு அதன் அடுப்பிலும் எழுதப்பட்டிருக்கிறது என்பதே அவர்கட்கு என் விடை.

சங்க நூலாகிய சிறுபாணாற்றுப்படை ஓர் ஏழைக் கலைஞனின் வீட்டை நமக்குக் காட்டுகிறது. கிணை என்னும் பறையை முழக்கிப் பிழைக்கும் குடும்பம் அது. அவ்வீட்டுப் பெண் குப்பை மேட்டில் முளைத்த வேளைக் கீரையை நகத்தால் கிள்ளி வருகிறாள்; உப்பின்றி வேகவைக்கிறாள். பிறர் கண்டு பழிப்பரே என நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தாரோடு அதனைப் பகிர்ந்து உண்கிறாள். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன் அடைக்கப்பட்ட அக்கதவு நம் குடியிருப்புகளில் நெடுங்காலம் திறக்கப்படவே இல்லை.

சேலம், நாமக்கல் சமவெளியின் மானாவாரிக் காடுகளில் சோளமும் கம்பும் கேழ்வரகும் விளைந்த காலத்தில், களையெடுக்கச் சென்றோர் பெரும்பாலும் நம் தாய்மாரே. நிலக்காரருக்குக் களையாகத் தோன்றிய பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் குப்பைக்கீரையும் முள்ளுக்கீரையும் மாலையில் அவர்தம் மடியில் வீடு வந்து சேர்ந்தன. வேலியில் படர்ந்த முடக்கத்தானும் தூதுவளையும் கோவை இலையும் விலையின்றிக் கிடைத்தன. சட்டியில் வேகவைத்துக் கடைந்த கீரையும் ஒரு உருண்டைக் களியுமே உழைப்பாளியின் உணவு. எந்த மழைக்குப் பின் எது துளிர்க்கும், எது கைக்கும், எதை இருமுறை வேகவைத்து நீரை வடிக்கவேண்டும், எது நஞ்சு என்பனவற்றையெல்லாம் எழுத்தறியாத அப்பெண்கள் அறிந்திருந்தனர். பள்ளிக்கூடம் மறுக்கப்பட்டோர் காத்துவந்த கல்வி அது எனலாம்.

அக்கல்விக்கு நேர்ந்த பெருஞ்சோதனை தாது வருடப் பஞ்சமாகும். 1876இல் பருவமழை பொய்த்தது. 1878 வரை நீடித்த பஞ்சத்தில் சென்னை மாகாணம் அல்லலுற்றது. இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளையும் தன்னுள் கொண்டிருந்த அன்றைய சேலம் மாவட்டம் மிகக் கடுமையாகத் தாக்குண்ட மாவட்டங்களுள் ஒன்று. 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் 19 இலட்சத்து 67 ஆயிரமாக இருந்த அதன் மக்கள்தொகை, 1881இல் சுமார் 16 இலட்சமாகக் குறைந்தது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினரைக் காணவில்லை. மடிந்தோர் பலர், இலங்கைத் தோட்டங்கட்கும் பிற நாடுகட்கும் பிழைப்புத் தேடிப் பெயர்ந்தோரும் உளர்.

அக்காலத்தில் சேலம் வழியே இரயில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. தானியம் வந்து இறங்கியும், அதை வாங்கக் கூலி இல்லை. வயல் காய்ந்ததும் முதலில் வேலை இழந்தவர் நிலமற்ற உழைப்பாளரே. நிவாரணப் பணியில் சேர்ந்தோர்க்கு, 1877 சனவரியில் வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிராம் தானியத்தின் விலையும் ஒரு சிறு காசுமே போதும் என்று விதித்தார். மாகாணச் சுகாதார ஆணையராயிருந்த டாக்டர் கார்னிஷ், உழைக்கும் உடல் அதனால் தேய்ந்து அழியும் என வன்மையாக எதிர்த்தார். மக்களோ காட்டையும் மேட்டையும் நாடி, இலையும் கிழங்கும் பறித்து உண்டனர். பஞ்சக் காலத்தில் மக்கள் உண்ட காட்டுச் செடிகளின் பட்டியலொன்றை ஜான் ஷார்ட் என்னும் மருத்துவர் தொகுத்து வெளியிட்டார். நம் பாட்டிமாரின் அறிவு அச்சேறிய இடங்களுள் அதுவும் ஒன்று. ஆயினும் அவர்தம் பெயர்கள் அதில் ஏறவில்லை.

இவ்வறிவை அறிவியல் எடைபோடப் பல்லாண்டுகள் ஆயின. நீலகிரியின் குன்னூரில் இயங்கிய ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் டாக்டர் அய்க்ராய்டு, இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை 1937இல் வெளியிட்டார். அவ்வாய்வுக்கூடம் 1958இல் ஐதராபாத்துக்கு மாறியது. பின்னர் அதனை வழிநடத்தி, அட்டவணையை விரிவாக்கி 1971இல் வெளியிட்டவர்களுள் முதன்மையானவர் டாக்டர் சி. கோபாலன். அவர் 1918இல் நம் சேலத்தில் பிறந்தவர் என்பது நமக்குப் பெருமை தருவதாகும்.

அவ்வட்டவணையைப் பாருங்கள். 100 கிராம் பசும்பாலில் உள்ள சுண்ணாம்புச் சத்து 120 மில்லிகிராம்; தீட்டிய அரிசியில் 10 மட்டுமே. கேழ்வரகில் 344, முருங்கைக் கீரையில் 440, முள்ளுக்கீரையில் 800, அகத்திக் கீரையில் 1,130. முருங்கைக் கீரையில் வைட்டமின் சி 220 மில்லிகிராம். மாலைக்கண் நோயைத் தடுக்கும் வைட்டமின் ஏ உடலில் உருவாகத் தேவையான கரோட்டினும் இக்கீரைகளில் மிகுதி. குப்பை மேட்டில் கிள்ளியது குப்பை அன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

எனினும் நாம் ஒன்றை மறத்தலாகாது. கீரையிலுள்ள சுண்ணாம்புச் சத்து முழுவதும் உடலில் சேர்வதில்லை. ஆக்சாலிக் அமிலம் ஒரு பகுதியைத் தடுத்துவிடும். நீடித்து வேகவைத்தால் வைட்டமின் சி அழியும். கரோட்டின் உடலில் சேரச் சிறிது எண்ணெய் வேண்டும். அந்த எண்ணெயைத்தான் நம் முன்னோர் பலரால் வாங்க இயலவில்லை. எல்லாவற்றிற்கும் மேலாக, கீரை வயிற்றை நிரப்பாது. 100 கிராம் அரிசி 345 கலோரி தர, அதே எடை முருங்கைக் கீரை தருவது 92 மட்டுமே. 2,500 கலோரி தேவைப்படும் உழைப்பாளி கீரையை மட்டும் உண்டு வாழ வேண்டுமாயின், நாளொன்றுக்கு ஏறத்தாழ 2.7 கிலோ உண்ண வேண்டும். தாது வருடத்தில் நம்மவர் மாண்டது கீரையை அறியாததால் அன்று. நிலமும் கூலியும் தானியமும் இல்லாததால். ஆதலின், ஏழைக்குக் கீரையே போதும் என்று எவரேனும் புகழ்ந்துரைத்தால் அதனை ஏற்காதீர். தானியத்துக்குத் துணையாகுமேயன்றிக் கீரை அதற்கு ஈடாகாது. நியாயமான கூலியும் நிலவுரிமையும் நாம் கேட்டுப் பெறவேண்டியவை.

இன்று மானாவாரிக் காடுகள் பலவற்றில் மரவள்ளி நிற்கிறது. களையெடுத்த கைகளின் இடத்தைக் களைக்கொல்லி பிடித்துக்கொண்டது. பண்ணைக்கீரையைக் கண்டால் பெயர் சொல்லத் தெரியாத பிள்ளைகள் பெருகிவிட்டனர். மதிய உணவில் கீரை இருந்தால் அதனை மூடி மறைத்து உண்ணும் மாணவரையும் ஆசிரியர்களாகிய நாங்கள் காண்கிறோம். சிறுபாணாற்றுப்படையின் கதவு இன்னும் முழுதாகத் திறக்கவில்லை போலும்! அதே கீரை நகரத்துக் கடைகளில் கட்டுக்கட்டாக விலைக்கு விற்கப்படுவதையும் காண்கிறோம்.

அன்பு இளைஞர்களே! ஒவ்வொருவரும் தத்தம் இல்லத்து முதிய பெண்டிரிடம் அமர்ந்து, அவர் அறிந்த கீரைகளின் பெயர், பருவம், பக்குவம் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். சொன்னவர் பெயரையும் தவறாமல் எழுதுங்கள். மருந்தடித்த வயலிலும் சாக்கடை ஓரத்திலும் பறியாதீர்; ஐயமுள்ள இலையை உண்ணாதீர். கொல்லையில் ஒரு முருங்கையும் ஓர் அகத்தியும் நடுங்கள். நம் கழகம் அக்குறிப்புகளைத் தொகுத்து நூலாக்குமாயின், பிறர் எழுதாமல் விட்ட நம் வரலாற்றின் ஒரு பக்கத்தை நாமே எழுதியவராவோம். கதவைத் திறந்து வைத்தே உண்போம். நாணவேண்டியவர் நாம் அல்லர்.