நியமன உறுப்பினரும் கூட்டணி ஆட்சியும்: புதுச்சேரி எழுப்பும் கேள்வி

தேர்தலுக்குப் பின் கட்சிகள் கைகோத்தால் அதை மக்கள் தீர்ப்புக்குச் செய்த துரோகம் என்று சாடுவது வழக்கம். நாடாளுமன்ற முறையில் இந்தச் சாடலுக்கு வலுவில்லை. மக்கள் உறுப்பினர்களை அனுப்புகிறார்கள். பெரும்பான்மையைத் திரட்டுவது அந்த உறுப்பினர்களின் பொறுப்பு. புதுச்சேரியில் கேட்க வேண்டியது வேறு. மக்கள் அனுப்பாதவர்களுக்கு அந்தப் பெரும்பான்மையில் என்ன வேலை?

1963ஆம் ஆண்டின் யூனியன் பிரதேச ஆட்சிச் சட்டம், தேர்ந்தெடுக்கப்பட்ட 30 பேருடன் மூவர் வரை நியமிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. அரசு ஊழியராக இருக்கக் கூடாது. தகுதி பற்றி வேறு பேச்சில்லை. மாநிலங்களவை நியமனத்துக்குக்கூடக் கலை, இலக்கியம், அறிவியல், சமூகப் பணி என்ற வரையறை உண்டு. 2016 தேர்தலில் ஓரிடமும் வெல்லாத பாஜகவைச் சேர்ந்த மூவர் 2017 ஜூலையில் நியமிக்கப்பட்டனர். சபாநாயகர் வைத்திலிங்கம் ஏற்க மறுத்தார். துணைநிலை ஆளுநர் கிரண் பேடி பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். காங்கிரஸ் உறுப்பினர் லட்சுமிநாராயணன் தொடுத்த வழக்கில், மாநில அரசைக் கலந்தாலோசிக்கத் தேவையில்லை, நியமன உறுப்பினர்கள் நம்பிக்கை வாக்கெடுப்பிலும் வாக்களிக்கலாம் என்று 2018 டிசம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதன் விளைவு நம்பிக்கை வாக்கெடுப்பு நாளான 2021 பிப்ரவரி 22 அன்று தெரிந்தது. விலகல்களுக்குப் பின் முதல்வர் நாராயணசாமியின் காங்கிரஸ் அரசின் பக்கம் சபாநாயகரோடு 12 பேர், எதிரணியில் 14. அந்த 14இல் நியமனத்தார் மூவர். அவர்களைக் கழித்தால் சபாநாயகரை விடுத்து இரு பக்கமும் 11. அவரது வாக்கே முடிவு செய்திருக்கும். கட்சித் தாவல் அரசைத் தள்ளாட வைத்தது உண்மைதான். ஆனால் கவிழ்க்கும் எண்ணிக்கை டெல்லியிலிருந்து வந்தது. முந்தைய நாள் விலகியவர்களில் அந்த வழக்கைத் தொடுத்த லட்சுமிநாராயணனும் ஒருவர் என்பது புதுச்சேரி அரசியலின் தனிச்சுவை!

அடுத்த தேர்தலில் என்.ஆர். காங்கிரஸ் 10, பாஜக 6. முன்கூட்டியே அறிவித்த கூட்டணி, 30இல் 16. இந்த ஆட்சியின் தொடக்கத்தில் குறை காண முடியாது. மே 7 அன்று பதவியேற்ற முதல்வர் ரங்கசாமி கொரோனாவுக்காகச் சென்னை மருத்துவமனையில் இருந்தபோது பாஜகவினர் மூவரின் நியமனம் வெளியானது. அவர்களில் ஒருவர், பிப்ரவரியில் திமுகவிலிருந்து விலகிய வெங்கடேசன். 10க்கு 6 என்று வாக்காளர் வகுத்த விகிதம் 10க்கு 9 ஆயிற்று. இலாகாப் பேரம் இந்தப் புதிய கணக்கின் மேல்தான் நடந்தது. அமைச்சர்கள் பதவியேற்க ஜூன் 27 ஆயிற்று. என் வாதம் இங்கேதான்: கூட்டணியின் உள்பலத்தைக் கூட்டாளிகளில் ஒருவர் ஆளும் மத்திய அரசு மாற்றியமைக்கும்போது, ஆட்சி சட்டப்படி சரியாகவும் ஜனநாயகப்படி ஊனமாகவும் நிற்கிறது.

சட்டம் சொல்லிவிட்டதே என்பார்கள். ஆனால் அரசியலமைப்பின் 54ஆம் பிரிவு குடியரசுத் தலைவர் தேர்தலில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களுக்கு மட்டுமே வாக்குரிமை அளிக்கிறது. அங்கே வாக்கில்லாத நியமன உறுப்பினர், இங்கே முதல்வரை வீழ்த்தலாம்! நம்பிக்கை, பட்ஜெட் வாக்கெடுப்புகளில் இதே வேறுபாட்டைச் சட்டத்தில் எழுதினால் போதும். எழுத வேண்டியது நாடாளுமன்றம்; அங்கே புதுச்சேரிக்கு மக்களவையில் ஓர் இடம், மாநிலங்களவையில் ஓர் இடம்.