பாகூவின் வாலைகளும் மசூத்தும்

காஸ்பியன் கடலின் மேற்குக் கரையிலுள்ள பாகூ நகரில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வளர்ந்த எண்ணெய்த் தொழிலின் வரலாறு பெரும்பாலும் மண்ணெண்ணெயின் வரலாறாகவே எழுதப்படுகிறது. ஆயினும் அங்கு கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்த கலன்களான வாலைகளின் அமைப்பை மாற்றியதில், வடிப்புக்குப் பின் அடியில் தங்கிய எச்சத்துக்கும் பெரும்பங்கு உண்டு. பென்சில்வேனியாவின் இலேசான கச்சா எண்ணெயில் பாதிக்கும் மேல் மண்ணெண்ணெயாக வடிந்தபோது, பாகூவின் கனத்த எண்ணெயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே அவ்வாறு தேறியது. மசூத் எனப்பட்ட கரிய, கெட்டியான திரவமாக மிகுதி நின்றது.

1872ஆம் ஆண்டின் இறுதியில் பழைய குத்தகை முறை ஒழிந்து எண்ணெய் நிலங்கள் ஏலத்துக்கு வந்ததும் வடிப்பாலைகள் பெருகி, அவற்றின் புகை படிந்த பகுதி 'கறுப்பு நகரம்' என்றே பெயர் பெற்றது. ஒவ்வொரு முறையும் இரும்பு வாலையை நிரப்பி, அடியில் தீ மூட்டி, எழும் ஆவியை நீரில் அமிழ்ந்த சுருள்குழாயில் குளிரவைத்து வடித்தபின், வாலை ஆறும்வரை காத்திருந்து மசூத்தை வெளியேற்றி, உட்புறம் ஒட்டிய கரியைச் சுரண்ட வேண்டியிருந்ததால், எரிபொருளும் காலமும் வீணாயின. மசூத்தோ குழிகளில் தேங்கியது அல்லது வீணே கொளுத்தப்பட்டது.

விறகு அரிதான அப்பகுதியில், மசூத்தை நீராவியின் விசையால் நுண்துளிகளாகச் சிதறடித்து எரிக்கும் தெளிப்பான்கள் பரவியதும் நிலைமை மாறியது. பொறியாளர் விளாதிமிர் ஷூகோவ் வடிவமைத்த தெளிப்பான் இவற்றுள் புகழ்பெற்றது. வால்கா நதியின் நீராவிக் கப்பல்களும் ரயில் எஞ்சின்களும் மசூத்தை எரிக்கத் தொடங்கின. விக்தர் ரகோஸின் அதே எச்சத்திலிருந்து இயந்திரங்களுக்கான உயவு எண்ணெயை வடித்தெடுத்து, அதற்கென வால்காக் கரையில் ஆலைகளை நிறுவினார்.

எச்சம் விலைபோகத் தொடங்கிய இக்காலத்தில்தான், 1880களின் தொடக்கத்தில், நோபல் சகோதரர்களின் ஆலையில் தொடர் வடிப்பு முறை வந்தது. படிப்படியாகத் தாழ்ந்த வரிசையில் வைக்கப்பட்ட வாலைகளினூடே எண்ணெய் தன் எடையாலேயே இறங்கி, முந்தியதைவிட அடுத்ததில் மிகுந்த வெப்பத்தைப் பெற்று, ஒவ்வொன்றிலும் ஒரு பகுதியை ஆவியாக இழந்து, கடைசியில் மசூத்தாக வெளியேறியது. வெளியேறும் மசூத்தின் சூடு உள்ளே வரும் கச்சா எண்ணெயை முன்கூட்டியே சூடாக்கியதால் எரிபொருள் மிச்சமாயிற்று, வாலையை ஆறவைக்கும் தேவையும் குறைந்தது.

ஆயினும் எச்சத்தை மேலும் சூடாக்கினால் அது கொதிப்பதற்குள் சிதையும் என்பதால், கலனுக்குள் அழுத்தத்தைக் குறைத்துத் தாழ்ந்த வெப்பத்திலேயே ஆவியாக்கும் வெற்றிட வடிப்பு உயவு எண்ணெய்த் தொழிலில் வேரூன்றியது. அச்சிதைவையே பயனாக்கி, கனத்த எண்ணெயை அழுத்தத்தின்கீழ் இலேசானதாக உடைக்கும் முறைக்கு ஷூகோவும் கவ்ரிலோவும் 1891இல் காப்புரிமை பெற்றனர். மோட்டார் வாகனங்கள் பெருகி பெட்ரோலுக்குத் தேவை எழுந்த பின்னரே, 1913இல் அமெரிக்காவில், அத்தகைய முறை பெருந்தொழிலாயிற்று. இன்றைய சுத்திகரிப்பு ஆலைகளில் முதல் வடிகோபுரத்தை அடுத்து நிற்கும் வெற்றிடக் கோபுரமும் சிதைப்புக் கலன்களும் எச்சத்தை விலையுள்ள பொருளாக்கும் அதே முயற்சியின் தொடர்ச்சியே.