கொழுந்து ஏத்துன வண்டி, ஆள ஏத்துன வண்டி

பூண்டுலோயா டவுன்ல கெப் வண்டி பத்தின பேச்சு தொடங்கினா லேசுல முடியாது. ஹைலக்ஸா, பொலேரோவா, இல்ல ஒரு டிமோ பட்டாவே போதுமா? எது ஏத்தத்துல திணறாது, எது சேத்துல மாட்டுனா தானா வெளிய வரும், எதுக்குச் சாமான் சுலபமா கிடைக்கும்? ஒரு பக்கம் தலவாக்கலை, இன்னொரு பக்கம் தவலந்தென்னை, நடுவுல முழுக்க வளைவும் ஏத்தமும். இப்படி ஒரு ஊர்ல இது வீண்பேச்சு இல்ல, பிழைப்பு.

வரலாறு படிக்கிறவர்கள் என்ற முறையில் நாங்கள் இந்தப் பேச்சோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்கிறோம். 'நம்பி ஏறலாம்' என்று சொல்லப்படும் வண்டிகள் இந்த மலைக்கு எந்தச் சுமைக்காக வந்தன?

முதல்ல சுமை தூக்குனது மனுசன் தலைதான். கோப்பிக் காலத்தில் மூட்டைகள் தோட்டத்திலிருந்து வண்டிப்பாதை வரைக்கும் தலையில் போயின. அதற்கு அப்பால் மாட்டுவண்டி. ரயில் 1867இல் கண்டிக்கும், 1874இல் நாவலப்பிட்டிக்கும், 1885இல் நானுஓயாவுக்கும் வந்தது. கொழும்புத் துறைமுகம் கிட்ட வந்த மாதிரி ஆனது. ஆனால் ரயில் ஸ்டேசனோடு நின்றுவிடும். மலை உச்சியிலிருந்து ஸ்டேசன் வரைக்குமான அந்தச் சில மைல்கள்தான் எப்போதும் பிரச்சினை.

தேயிலை வந்ததும் பிரச்சினை இன்னும் கூடியது. காயவைத்த கோப்பிக் கொட்டை ஒரு நாள் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும். பச்சைக் கொழுந்து பொறுக்காது. சாக்கில் நெருக்கி அடைத்தால் சூடேறும், நசுங்கினால் அங்கேயே கறுக்கத் தொடங்கும். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நாலு, நாலரை கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அதாவது கடைசியில் விற்கப்போகும் எடையைப் போல நாலு மடங்கை அன்றைக்கே பெக்டரிக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். சில தோட்டங்களில் கம்பி கட்டி, அதில் சாக்கைத் தொங்கவிட்டுப் பள்ளத்துக்கு இறக்கினார்கள். மற்ற இடங்களில் பெண்களே கூடையோடு நிறுவை இடத்துக்கு நடந்தார்கள், இன்றும் நடக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டில் லொறி தோட்டத்துக்குள் வந்தபோது அதன் முதல் வேலை கொழுந்தின் நேரத்தைக் காப்பாற்றுவதாக இருந்தது. லொறி நின்றால் கொழுந்து கெடும், கொழுந்து கெட்டால் துரைக்குக் கணக்கு உதைக்கும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இரண்டு வண்டிகள் உலகெங்கும் தோட்டங்களின் போக்கை மாற்றின. ஒன்று, 1948இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான லேன்ட் ரோவர். அப்போது பிரிட்டனில் உருக்குக்குத் தட்டுப்பாடு என்பதால் அதன் உடம்பு அலுமினியக் கலவை. என்ஜின் வெறும் 1.6 லீட்டர். ஆனால் நாலு சக்கரமும் இழுக்கும், மலை ஏறுவதற்கென்றே தனியாகத் தாழ்ந்த கியர் வரிசை உண்டு. டார்ஜிலிங் பக்கம் மனேபஞ்சனில் அந்தக் காலத்து லேன்ட் ரோவர்கள் நம் காலம் வரைக்கும் சண்டக்பூ மலைக்கு ஆள் ஏற்றின. இன்னொன்று ட்ரக்டர். 1946இல் வந்த பெர்குசன் டி.இ.20இலும், அதன் வழியில் வந்த மெசி பெர்குசன் 35இலும் வேகம் கிடையாது. அலுக்காமல் பெட்டி இழுக்கும் பலம் உண்டு. விறகு, உரம், கொழுந்து எதுவானாலும் பெட்டியில் போட்டு இழுக்கலாம்.

இழுவைச் சக்தி என்று விளம்பரத்தில் போடும் எண்ணை இந்த மலையில் கொஞ்சம் கவனமாகத்தான் படிக்க வேண்டும். ஹைலக்ஸின் இன்றைய நாலு சக்கர இயக்க மாதிரிகளுக்குப் பல நாடுகளில் 3,500 கிலோ வரை இழுக்க அனுமதி இருக்கிறது. ஆனால் அந்த எண், தனி பிரேக் உள்ள பெட்டிக்கு உரியது. இங்கே கணக்கு வேற. பத்துக்கு ஒன்று என்ற ஏத்தத்தில் வண்டியும் சுமையும் சேர்ந்து 4 டன் என்றால், புவியீர்ப்பை எதிர்க்க மட்டும் ஏறக்குறைய 400 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு வேண்டும். டர்போ இல்லாத என்ஜின் ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் பத்தில் ஒரு பங்கு அளவு பலத்தை இழக்கும், காற்று அடர்த்தி குறைவதால். இத்தனைக்கும் மேல, ஏறுவதை விட இறங்குவதுதான் ஆபத்து. பள்ளத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிப்பை விட்டுவிடும். பிரேக் இல்லாத பெட்டி பின்னாலிருந்து தள்ளும். அதனாலதான் அனுபவமுள்ள டிரைவர்மார் ஏறின கியரிலேயே இறங்கச் சொல்வார்கள்.

1975இல் கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்தது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. அதன்பின் ஜப்பான் வண்டிகள் பாதையை நிறைத்தன. ஹைலக்ஸ் உலகத்துக்கு வந்தது 1968இல். அதன் பேர் எவ்வளவு தூரம் போனது என்றால், சாட் நாட்டுக்கும் லிபியாவுக்கும் 1987இல் நடந்த சண்டைக்கே 'டொயோட்டா போர்' என்று பெயர் வந்துவிட்டது. நம்ம ஊரிலோ டபுள் கெப் துரைமாரின், அதிகாரிகளின், அரசியல்வாதிகளின் அடையாளமானது. 1992இல் தோட்ட நிர்வாகம் மறுபடி கம்பனிகளிடம் போன பிறகும் அந்த அடையாளம் மாறவில்லை.

சாதாரண ஆளுக்குக் கிடைத்தது சின்ன வண்டி. டாடா ஏஸ் 2005இல் இந்தியாவில் வந்தது. இரண்டே சிலிண்டர், 702 சி.சி., 16 குதிரைவலு. இலங்கையில் அதற்கு 'டிமோ பட்டா' என்று பேர் நிலைத்துவிட்டது. ஹைலக்ஸோடு நிறுத்தினால் பொம்மை மாதிரி இருக்கும். ஆனால் லீசிங்கில் எடுத்து மரக்கறி ஏற்றிப் பிழைக்க லயத்துப் பையனால முடிஞ்ச வண்டி அது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 தொடக்கத்தில்தான் திரும்பத் திறக்கப்பட்டது. அந்த அஞ்சு வருசமும் எது நல்ல வண்டி என்ற கேள்விக்குப் பதில் சொன்னவர்கள் கராஜ் பாஸ்மார். எந்த வண்டியை இங்கேயே பழுது பார்க்க முடியுமோ அதுதான் நல்ல வண்டி.

இனி மற்றச் சுமைக்கு வருவோம். 1912இல் கொண்டுவரப்பட்ட சட்டங்கள் தொழிலாளரின் மருத்துவத் தேவைக்குத் தோட்ட நிர்வாகத்தைப் பொறுப்பாக்கின. சட்டம் சரி, வண்டி? மலையகத்தில் எந்த லயத்தில் போய்க் கேட்டாலும் இந்தக் கதை உண்டு: வலி வந்த பொம்பளைய கொழுந்து லொறியில ஏத்துனது, ட்ரக்டர் பெட்டியில பாய் விரிச்சுப் படுக்க வச்சது, லொறி வர்ற வரைக்கும் கம்பளியில தூக்கிக்கிட்டு நடந்தது. ட்ரக்டர் பெட்டிக்கு ஸ்பிரிங் கிடையாது. கொழுந்துச் சாக்குக்கு அது ஒரு குறையே இல்லை. பிள்ளைத்தாச்சிக்கு அது உயிர்ப் பிரச்சினை.

இழுவையும் உழைப்பும் நிறைய இருந்த வண்டிகள்தான் அவை. கொழுந்துக்கு நேரம் குறித்து வந்தன. மனுசருக்கு, கேட்டால் வந்தன, கொழுந்து இறக்கிய பிறகு வந்தன, சிலவேளை வரவேயில்லை. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2016இல் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கி, பிறகுதான் மற்ற மாகாணங்களுக்கு வந்தது. நம்பர் அடித்தால் வண்டி வரும் என்பது மலையகத்துக்கு அவ்வளவு புதுசு. அந்த வண்டியும் தார் போட்ட பாதை வரைக்கும்தான் சுகமா வரும். மேல் டிவிசனுக்கான கல்லுப் பாதையில் இன்றும் ஒரு பழைய கெப்போ ஓட்டோவோதான் முதல் அம்புலன்ஸ்.

ஆகவே அடுத்த முறை ஹைலக்ஸா பொலேரோவா என்று பேச்சு வரும்போது அந்தப் பட்டியலில் இன்னும் மூன்று கேள்விகளைச் சேர்க்கச் சொல்கிறோம்: ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த வண்டியின் சாவி யாரிடம் இருக்கும்? அதில் ஒரு ஆளைப் படுக்கவைக்க இடம் உண்டா? அது ஏறும் பாதையைச் செப்பனிடுவது யார் பொறுப்பு? தோட்டத்து லொறி ஓட்டிய தாத்தாமார் இன்னும் சிலர் நம்மோடு இருக்கிறார்கள். கொழுந்து எத்தனை கிலோ ஏற்றினீர்கள் என்று அவர்களிடம் எல்லாரும் கேட்டுவிட்டார்கள். எத்தனை பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீர்கள் என்று நாம் கேட்டு எழுதிவைப்போம்.