காரணம் கூறாத வெளியேற்றம்: 1864 முதல் பெங்களூரு வரை

2024 பிப்ரவரியில் கர்நாடக அரசு பெங்களூருவில் நடத்திய அரசியலமைப்பு மாநாட்டிற்கு அழைக்கப்பட்டிருந்த பிரித்தானியக் குடிமகள், பேராசிரியர் நிதாஷா கௌல், விமான நிலையத்திலிருந்தே இலண்டனுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். தில்லியின் உத்தரவு என்பதற்கு மேல் தமக்கு விளக்கம் தரப்படவில்லை என்றார் அவர். அழைத்த மாநில அரசால் எதுவும் செய்ய இயலாது. அயலாரின் நுழைவும் வெளியேற்றமும் ஒன்றியப் பட்டியலின் 19ஆம் இனத்தில் அடங்குவன.

இதை அண்மைக்கால அரசியலாக மட்டும் வாசிப்பது போதாது. அயலார் எவரையும் வெளியேறப் பணிக்கும் அதிகாரத்தை 1864ஆம் ஆண்டுச் சட்டமே காலனிய அரசுக்கு அளித்திருந்தது. உலகப்போர்க்கால ஏற்பாடுகளின் வழியே அது 1946ஆம் ஆண்டு அயலார் சட்டத்தின் 3ஆம் பிரிவாக நிலைபெற்றது. விடுதலைக்குப் பின்னரும் அப்பிரிவு நீடித்தது.

அதன் எல்லையை வரையறுத்தது 1955இல் வந்த ஹான்ஸ் முல்லர் தீர்ப்பு. கல்கத்தாவில் தடுத்து வைக்கப்பட்ட அந்த மேற்கு ஜெர்மானியர்மீது அவர் நாட்டில் பிடியாணை இருந்தது. ஆகவே தம்மை அனுப்புவதாயின் நாடுகடந்த குற்றவாளிகளை ஒப்படைக்கும் சட்டப்படியே அனுப்ப வேண்டும் என்று அவர் வாதிட்டார். நீதிபதி விவியன் போஸ் அதை ஏற்கவில்லை: வெளியேற்றும் அதிகாரம் கட்டற்றது, இரு வழிகளில் எதையும் அரசு தேர்ந்துகொள்ளலாம். 'ஒப்படைப்பு', 'வெளியேற்றம்' என்னும் இரண்டையும் நாளிதழ்த் தமிழ் 'நாடுகடத்தல்' என்றே கலந்து எழுதுகிறது. ஆனால் முன்னதற்கு நீதித்துறை நடுவரின் விசாரணை உண்டு, பின்னதற்கு இல்லை. முல்லர் இழந்தது அந்த விசாரணையையே.

1937 முதல் இந்தியாவில் வாழ்ந்த பெல்ஜிய மறைபணியாளர் லூயி டி ரேட் 1987இல் வெளியேறப் பணிக்கப்பட்டார். 1991இல் உச்ச நீதிமன்றம், அயலாருக்கு 21ஆம் உறுப்பின் காப்பு உண்டு, இந்நாட்டில் தங்கிவாழும் உரிமை இல்லை என்றது. ஐம்பதாண்டு வாழ்வும் போதவில்லை.

வெளிநாடுவாழ் இந்தியர் அட்டை பெற்றோரின் நிலை சற்றே வேறு. அட்டையை நீக்குமுன் அவர்கள் தரப்பைக் கேட்க வேண்டும் என்கிறது குடியுரிமைச் சட்டம். 2023இல் அசோக் ஸ்வைன் வழக்கில், காரணம் கூறாத நீக்க ஆணையைத் தில்லி உயர் நீதிமன்றம் இரத்து செய்தது. வெறும் விசா உடையோருக்கு இந்தச் சிறு அரணும் கிடையாது. 2025 ஏப்ரலில், பகல்காம் தாக்குதலையடுத்து, பாகிஸ்தானியரின் விசாக்கள் தனித்தனி விசாரணையின்றி ஒட்டுமொத்தமாக நீக்கப்பட்டன.

1946ஆம் ஆண்டுச் சட்டம் 2025 செப்டம்பர் 1 அன்று வழக்கொழிந்தது. அதனிடத்தில் வந்த குடிவரவு மற்றும் அயலார் சட்டம், தேசப் பாதுகாப்பைக் காரணமாகக் கொண்டு நுழைவை மறுக்கும் குடிவரவு அலுவலரின் முடிவே இறுதியானது என்கிறது. உயர் நீதிமன்றங்களின் 226ஆம் உறுப்பு அதிகாரத்தைச் சாதாரணச் சட்டத்தால் பறிக்க முடியாது. ஆனால் மறுநாள் விமானத்தில் ஏற்றப்படுபவருக்கு அங்கு செல்லப் பொழுதிருப்பதில்லை.