புரட்டாசியில் கூரை பார்த்த ஊர்கள்

திருநெல்வேலிச் சீமையில் வீட்டுக்கூரையைச் சோதிக்கும் காலத்தை வகுத்தது குளிரன்று, மழை. வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் பிடித்துக்கொள்ளும் என்பதால், தாமிரபரணிக் கரை வீடுகளில் அந்த வேலை புரட்டாசிக்குள் முடிய வேண்டியிருந்தது. மலையடிவாரத்துத் தென்காசி, செங்கோட்டைப் பகுதியிலோ ஆனியிலேயே சாரல் இறங்கிவிடுவதால் அதற்கும் முன்பே கூரையில் ஆள் ஏற வேண்டியிருந்தது.

தேரி எனப்படும் செம்மணல் காட்டு ஊர்களின் பனையோலைக் கூரைக்குச் சோதனை என்பதே இற்ற ஓலையைக் களைந்து புதிதாக மேய்வதுதான். நாட்டு ஓட்டுக் கூரைக்கு நுணுக்கம் கூடுதல். குயவர் சக்கரத்தில் குழாயாக வனைந்து நெடுக்கே பிளந்து சுட்ட அந்த ஓடுகள், ஒரு வரிசை மல்லாந்தும் அதன் விளிம்புகளை மூடி அடுத்த வரிசை கவிழ்ந்தும், ஆணியோ சாந்தோ இன்றித் தம் எடையாலேயே நின்றமையால், பூனையும் அணிலும் ஆடிக்காற்றும் அவற்றை எளிதில் நகர்த்திவிடும். உச்சிவெயிலில் வீட்டுக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால் ஒளிப்புள்ளி தெரியும் இடமே ஒழுகும் இடம். இரு சரிவுகள் கூடித் தண்ணீர் திரளும் கூடல்வாயைத் தனியே கவனிப்பார்கள்.

சீமை ஓடு இந்த வழக்கத்தைத் தளர்த்தியது. பிரான்சின் அல்சாஸ் பகுதியில் கிலார்டோனி சகோதரர்கள் 1841-இல் உருவாக்கிய, ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் ஓட்டின் வழிவந்ததை, பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பு 1865 முதல் மங்களூரில் செய்தது. உடைந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும் என்றானதும் ஆண்டுதோறும் ஓடு மாற்றும் வேலை குறைந்தது. குயவரின் வருமானத்தில் ஒரு பங்கும் அதனோடு போயிற்று.

வசதியுள்ளோர் கட்டிய மட்டப்பா, அதாவது மரச்சட்டங்களின்மேல் செங்கல் அடுக்கி, சுண்ணாம்புச் சல்லியைக் கடுக்காய்நீர் தெளித்து இடித்து இறுக்கிய சமதளக் கூரை, வேறுவகைக் காவலைக் கேட்டது: வெடிப்பில் முளைத்த அரசங்கன்றைச் சிறிதாக இருக்கும்போதே பிடுங்க வேண்டும், தண்ணீர் இறங்கும் துவாரத்தில் சருகு அடையாமல் பார்க்க வேண்டும். கான்கிரீட் தளத்துக்கும் இவை பொருந்தும் என்றாலும், கறை படிந்த பிறகே அதை அண்ணாந்து பார்ப்பது இன்றைய வழக்கமாகிவிட்டது.

புரட்டாசிக் கணக்கு ஐப்பசி, கார்த்திகையை மனத்தில் வைத்துப் போட்டது. 2023-இல் தாமிரபரணியின் கழிமுகத்தை அடுத்த காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. மழை கொட்டியதோ, மார்கழி பிறந்த டிசம்பர் 17-ஆம் நாள்.